போதையும் உள்நோக்கமும்

‘குடிபோதையில் தெரியாமல் செய்துவிட்டான்’ என்ற சமாதானத்தை நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் ஏற்றாலும் சட்டம் ஏற்பதில்லை. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86 பிரிவுகளில் இருந்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24 பிரிவுகளாகத் தொடர்கின்றன. ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, அதனால் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ உணர முடியாத நிலைக்கு அவர் சென்றிருந்தால் மட்டுமே முழு விலக்கு உண்டு.

தானே குடித்தவருக்கு, தெளிவாக இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்திருந்ததாகவே சட்டம் கொள்கிறது. ஆனால் இதைச் சொல்லும் 24-ஆம் பிரிவு ‘அறிவு’ (விளைவு தெரிந்திருத்தல்) பற்றி மட்டும் பேசிவிட்டு, ‘உள்நோக்கம்’ (அந்த விளைவையே நாடிச் செய்தல்) பற்றி மௌனமாகிவிடுகிறது, சிக்கலே அங்குதான்.

1956-இல் பாஸ்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. திருமண விருந்தில், சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லியும் நகராத சிறுவனை, ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஒருவர் வயிற்றில் சுட்டுக் கொன்றார். குடித்துத் தள்ளாடியவர்தான், ஆனாலும் தானே நடந்து வந்தார், தெளிவாகப் பேசினார், சுட்டபின் தப்பியோட முயன்றார். எனவே உள்நோக்கம் கொள்ளும் திறன் அழிந்துவிடவில்லை என்று கொலைக் குற்றத்துக்கான தண்டனை உறுதியானது.

நடையையும் பேச்சையும் வைத்து மனத்தை அளப்பது கரடுமுரடான அளவுகோல்தான் என்றாலும், சாட்சிகள் கண்ணால் கண்டது அவ்வளவே என்பதால், வேறு நம்பகமான வழி எனக்குப் புலப்படவில்லை. அத்திறன் உண்மையிலேயே இல்லாதிருந்தால்கூடக் குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையுமே ஒழிய, விடுதலை கிடைக்காது.