டல்லாஸில் இரண்டு கோர்ட்

டல்லாஸ் டவுன்டவுன் பக்கம் கிரிமினல் வழக்கு நடக்கும் கட்டடங்கள் இரண்டு. ரிவர்ஃப்ரன்ட் சாலையில் இருக்கும் ஃபிராங்க் க்ரௌலி கட்டடத்தில் டெக்சஸ் மாநில வழக்குகள். காமர்ஸ் தெருவில் இருக்கும் ஏர்ல் கேபல் கட்டடத்தில் ஃபெடரல், அதாவது மத்திய அரசின் வழக்குகள். கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீல் ஒருவரிடம் பாராலீகலாக, அதாவது சட்ட உதவியாளராக இருப்பதால் இரண்டுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். முதல் கட்டடத்தைச் சுற்றி பெயில் பாண்ட் கடைகள். ஜாமீன் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கட்டினால் ஆளை வெளியே எடுத்துவிடலாம், அந்தப் பணம் திரும்பி வராது. ஃபெடரலில் அந்த வியாபாரம் பெரும்பாலும் எடுபடாது. வெளியே விடுவது ஆபத்து என்று மாஜிஸ்ட்ரேட் நீதிபதி முடிவு செய்துவிட்டால், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் உள்ளேதான்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை. அங்கே லோக்கல் போலீஸ் பிடித்தாலும் சிபிஐ பிடித்தாலும் அப்பீல் போவது அதே ஹைகோர்ட்டுக்குத்தான். இங்கே சட்டம், அரசு வக்கீல், நீதிபதி, சிறை எல்லாமே தனித்தனி. "அக்கா, ஒரே தப்புக்கு ரெண்டு தடவை கேஸ் போட முடியாதுல்ல?" என்று கேட்பார்கள். முடியும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

டெரன்ஸ் கேம்பிள் வழக்கைத்தான் அப்போது சொல்வேன். 2015-இல் அலபாமாவின் மொபைல் நகரத்தில் ஹெட்லைட் பழுதான காரை ஓட்டிக்கொண்டு போனவரை போலீஸ் நிறுத்தியது. கஞ்சா வாடை அடிக்கிறது என்று காரைச் சோதித்தார்கள், உள்ளே குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி. ஏற்கெனவே கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதால் அவர் துப்பாக்கி வைத்திருப்பதே அலபாமா சட்டப்படி குற்றம். ஒப்புக்கொண்டார், ஓராண்டு சிறை என்று முடிந்தது. அதே துப்பாக்கி, அதே இரவு. அதற்கே ஃபெடரல் அரசும் வழக்குப் போட்டது. சிறைவாசம் ஏறக்குறைய 3 ஆண்டு நீண்டது. 2019-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் இது சரிதான் என்றது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் சொல்வது உண்மை. ஆனால் மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனி இறையாண்மை. இரண்டு சட்டத்தை மீறினால் இரண்டு குற்றம் என்பது நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம். எதிர்த்த இருவர் கின்ஸ்பர்க், கோர்சச். பல வழக்குகளில் ஒத்துப்போகாத இரண்டு பேர் இதில் ஒரே பக்கம் நின்றதே எனக்குப் போதுமான சான்று. நான் அவர்கள் கட்சி.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமில்லை. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர்களில் ஒருவரைக்கூட 1992-இல் கலிபோர்னியா ஜூரி தண்டிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஃபெடரல் வழக்கில்தான் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. இந்த விதி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. என் முதலாளி இதைச் சொல்லும்போது நான் பதில் பேசுவதில்லை.

ஃபெடரல் என்றாலே எல்லாவற்றிலும் மேல் என்று ஒரு நினைப்பு நம்மவர்களிடம் உண்டு. ஆனால் எங்கள் தரப்புக்கு ஆதாரங்களைக் கொடுப்பதில் டெக்சஸ்தான் தாராளம். மனைவியைக் கொன்றதாக 1987-இல் தண்டிக்கப்பட்ட மைக்கேல் மார்ட்டன், செய்யாத குற்றத்துக்கு ஏறக்குறைய 25 ஆண்டு சிறையில் இருந்து, டிஎன்ஏ சோதனையால் 2011-இல் வெளியே வந்தார். அரசு வக்கீல் அவருக்குச் சாதகமான ஆதாரத்தை மறைத்திருந்தார். 2014-இல் அவர் பெயரிலேயே சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி போலீஸ் ரிப்போர்ட், சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் எங்கள் கைக்கு முன்கூட்டியே வந்துவிடும். ஃபெடரலில் அரசுத் தரப்பு சாட்சி கூண்டேறிப் பேசி முடிக்கும்வரை அவருடைய வாக்குமூலத்தைத் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

சரி, துப்பாக்கியும் கொலையும் நமக்கெதற்கு என்று நினைக்கலாம். ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கத்திலிருந்து வரும் நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் செல்ஃப் செக்கவுட்டில் ஸ்கேன் பண்ணாமல் பையில் போட்ட சாமானில். டெக்சஸில் 100 டாலரிலிருந்து 750 டாலருக்குள் திருட்டு என்றால் பி வகுப்பு, அதிகபட்சம் 180 நாள். 750-ஐத் தொட்டால் ஏ வகுப்பு, ஓராண்டு வரை. முதல் தப்புக்கு யாரும் ஓராண்டு உள்ளே போவதில்லை. ஆனால் குடியேற்றச் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு தண்டனை கொடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை, எவ்வளவு கொடுத்திருக்க முடியும் என்று பார்க்கிறது. அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டு 5 ஆண்டுக்குள் செய்த திருட்டு, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை கொடுக்க இடமுள்ளது என்றால், நாடு கடத்தலாம். இதற்காகவே கலிபோர்னியா 2015-இலும் நியூயார்க் 2019-இலும் அத்தகைய குற்றங்களின் உச்ச தண்டனையை 364 நாளாகக் குறைத்தன. டெக்சஸ் குறைக்கவில்லை.

இதைவிட மோசமான பொறி டிஃபர்ட் அட்ஜுடிகேஷன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், நீதிபதி 'குற்றவாளி' என்று அறிவிக்காமல் கண்காணிப்பில் வைப்பார், காலம் முடிந்ததும் வழக்கு டிஸ்மிஸ். டெக்சஸைப் பொறுத்தவரை தண்டனையே இல்லை. 1996-இல் திருத்திய குடியேற்றச் சட்டமோ, ஒப்புக்கொண்டீர்கள், ஏதோ ஒரு கட்டுப்பாடும் விதித்தார்கள், ஆகவே இது தண்டனைதான் என்கிறது. "ஜட்ஜே டிஸ்மிஸ் பண்ணிட்டாரே அக்கா, பேப்பர் இருக்கு" என்று கிரீன் கார்டு விண்ணப்ப நேரத்தில் வந்து நிற்பவர்களிடம் என்ன சொல்வது?

ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரரிடம் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் படீயா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் சிக்கிய படீயா வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்டவர், 40 ஆண்டுக்கு மேல் இங்கே இருந்தவர். இவ்வளவு காலம் இருந்திருக்கிறாய், கவலை வேண்டாம் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருக்கிறார்.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அப்புறம், உங்கள் வழக்கு ரெக்கார்டை அழிக்கத் தகுதியுள்ளதாக இருந்தால், அழிப்பதற்கு முன்பே கோர்ட் முத்திரை போட்ட நகல் இரண்டு செட் வாங்கி வையுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி அழிக்கப்பட்ட வழக்குக்கும் பொருந்தும். அழித்தபிறகு க்ரௌலி கட்டடத்துக்குப் போய் நின்றால், அப்படியொரு வழக்கே இல்லை என்றுதான் கவுன்ட்டரில் சொல்வார்கள்.