பெட்டி தீர்ந்துபோனால் என்ன செய்வது?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளின் பேக்கிங் வேலை, ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் பலருக்கு நன்றாகப் பொருந்தும். வரிசை மாறாது; முடிந்ததா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். வீடியோ எடுத்துக் காட்டிக் கற்றுக்கொடுக்கச் சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும். நாம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்வோம். வீடியோ நூறு முறை போட்டாலும் ஒரே மாதிரிதான் காட்டும்.

முதலில் வேலையைப் பிரியுங்கள். பெட்டி ஸ்டிக்கரில் உள்ள சைஸும் ஷூ சைஸும் ஒன்றா, இடது வலது சரியா, டிஷ்யூ பேப்பர் விரிப்பது, இடது ஷூ, தலைமாற்றி வலது ஷூ, சிலிக்கா ஜெல் பொட்டலம் 1, பேப்பரை மடிப்பது, மூடுவது. மொத்தம் 8 படி. படிக்கு ஒரு வீடியோ, 10 முதல் 15 விநாடி.

எடுக்கும்போதுதான் கோளாறு வரும். எதிரே நின்று எடுத்தால் இடதும் வலதும் குழம்பும். தோளுக்குப் பின்னாலிருந்து, கை மட்டும் தெரிய எடுங்கள். மேசை ஓரம் ஒரு டீ டம்ளர் இருந்தால் அதுவும் வேலையில் சேர்த்தி என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். டம்ளர் இல்லாத மேசையில் கை ஓடாது. "இப்படிச் செய்யாதே" என்று தவறைக் காட்டவே வேண்டாம், அதுவும் பதிந்துவிடும். ஒரே நிறப் பெட்டியில் எடுத்தால் நிறம் மாறும் அன்று வேலை நிற்கும். இரண்டு மூன்று நிறத்தில் எடுத்து வையுங்கள்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, செட்டிங்ஸில் செக்யூரிட்டி பக்கம் போய் ஆப் பின்னிங்கை ஆன் செய்து, வீடியோ ஆப்பைத் திறந்து, ரீசண்ட் ஆப்ஸ் திரையில் அதைப் பின் செய்துவிட்டால் அந்த ஆப்பை விட்டு வேறெங்கும் எளிதில் போக முடியாது. ஐபோனில் இதற்கு கைடட் ஆக்சஸ். வியர்த்த கைக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. வேலூர் மே மாத வெயிலில், தகர ஷெட்டுக்குள் போன் சூடேறித் திரை மங்கும். அதே 8 படியையும் போட்டோவாக லேமினேட் செய்து பக்கத்தில் மாட்டுங்கள்.

ஒரு படியை 3 நாள் தொடர்ந்து சரியாகச் செய்தால் அந்த வீடியோவை நீக்கிவிட்டுப் போட்டோ மட்டும் வையுங்கள். பிறகு அதையும் நீக்குங்கள். இதைத் தள்ளிப்போட்டால் போன் இல்லாத நாளில் வேலையே ஓடாது.

பெரும்பாலானோர் விட்டுவிடும் வீடியோ ஒன்று உண்டு: பெட்டி தீர்ந்துபோனால்? வரிசை அறுந்ததும் அந்த இளைஞருக்குப் பதற்றம் வரும். எழுந்து நடப்பார், கத்தவும் செய்வார். பார்ப்பவர்கள் "இவனுக்கு வேலை வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவரிடம் இல்லாதது ஒரே ஒரு படிதான். கையைத் தூக்கி, "அண்ணா, பெட்டி தீந்துபோச்சு" என்று சொல்வதைத் தனி வீடியோவாக எடுங்கள். பேச்சு வராதவருக்கு இதே வாக்கியத்தைப் பேசும் செயலியில் ஒரு பொத்தானாக வைக்கலாம். சென்னையில் உருவான ஆவாஸ் (Avaz) என்ற செயலியில் தமிழ் உண்டு.

சூப்பர்வைசரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "இரு, வரும்" என்ற பதில் போதாது, எவ்வளவு நேரம் என்று அந்த இளைஞருக்குப் புரியாது. "அந்த நாற்காலியில உட்காரு தம்பி, பெட்டி வந்ததும் நான் கூப்பிடறேன்" என்று தினமும் இதே வார்த்தைகளில் சொல்லச் சொல்லுங்கள். அந்த நாற்காலியையும் இடம் மாற்றாமல் வைக்கச் சொல்லுங்கள்.