மனோரா கரையில் ஆவுளியாவைத் தேடி

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மனோராவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தைப் பார்க்கத்தான் போவார்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குத் தஞ்சாவூர்க் கடற்கரையில் எட்டடுக்குக் கோபுரம்! நான் போனது அதற்கு எதிரே இருக்கும் கடலுக்காக.

மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாக் விரிகுடா ஏரி மாதிரிதான் தெரியும். பெரிய அலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், காலுக்கடியில் சேறு. அந்தச் சேற்றில்தான் கடல்புல் வளர்கிறது. பாசி இல்லை, வேர்விட்டு, பூத்து, விதை போடுகிற நிஜப் புல். இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது அதற்குள்தான். ஆவுளியா என்று இங்கே சொல்கிற கடற்பசு என்ற கடல்வாழ் பாலூட்டிக்கு அதுதான் சாப்பாடு. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ மேயுமாம்.

அதற்காகத்தான் 2022 செப்டம்பரில் தமிழக அரசு அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அறிவித்த முதல் இடம் இது. ஆனால் கரையில் நின்று பார்த்தால் வேலி இல்லை, வாசல் இல்லை, டிக்கெட் இல்லை. வழக்கம்போலப் படகுகள் போய்வருகின்றன. "இதுதானா?" என்று கேட்கத் தோன்றும்.

பக்கத்து மீனவ ஊரான மல்லிப்பட்டினத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆவுளியா பாத்திருக்கீங்களாண்ணே?"

"எங்க அப்பா காலத்துல கறி போட்டு வித்திருக்காங்க தம்பி. இப்ப மாட்டுனா வலையை அறுத்து விட்டுடுறோம். மூச்சு வாங்க மேல வரணும்ல அது? வலைக்குள்ளயே கெடந்தா செத்துரும்."

"அறுத்த வலை?"

சிரித்தார். "அதைத்தான் நாங்களும் கேக்குறோம்."

இந்தப் பாதுகாப்பகத்தின் உயிர்நாடி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடற்பசு மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் ஈனும், அதுவும் ஒரே குட்டி. இந்தியக் கடலில் மொத்தமே இருநூற்றுச் சொச்சம்தான் மிச்சம் என்று கணிக்கிறார்கள். ஒரு தாய் வலையில் செத்தால் அது பெரிய இழப்பு. அந்த நேரத்தில் அங்கே வனத்துறை இருக்காது, விஞ்ஞானி இருக்கமாட்டார். இருப்பவர் கையில் கத்தியோடு இந்த அண்ணன்தான். ஆவுளியாவை விடுவித்தவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பரிசும் கொடுத்திருக்கிறது, நல்லது. ஆனால் அறுந்த வலைக்குக் காசு அதே வாரத்தில் கைக்கு வந்தால் அதற்கு ஈடாக எந்தப் பாராட்டு விழாவும் இல்லை.

தெற்கே மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் தீவுகளே கரைந்துகொண்டிருந்த காலம், தேவைதான். ஆனால் தலைமுறையாக அங்கே மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் திடீரென்று அத்துமீறுபவர்கள் ஆனார்கள். மனோராவில் அப்படிச் செய்யாமல், மீனவர் உரிமையில் கைவைக்காத பாதுகாப்பகம் என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

தொல்லை வேறு பக்கம். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடிவலை இழுக்கக்கூடாது என்பது சட்டம். "யாரு கேக்குறா?" என்றார் அதே அண்ணன். இழுவைமடி ஒருமுறை போனாலே புல்லை வேரோடு சுரண்டிவிடும். அதற்கு மேல், இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வேறு. தன்னார்வலர்கள் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் புல்லை முடிந்து கடலடியில் நடுகிறார்கள். அந்த வேகம் மடி சுரண்டுகிற வேகத்துக்கு ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆவுளியா என் கண்ணில் படவில்லை. கலங்கல் தண்ணீரில் படவும் படாது. யாராவது காட்டுகிறேன் என்று படகுக்குக் காசு கேட்டால் நம்பாதீர்கள். மீனவர்களோடு பேச வேண்டுமென்றால் நாள் பார்த்துப் போங்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு முறை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. செவ்வாயோ வியாழனோ விடிந்ததும் மல்லிப்பட்டினம் போனால் பேச்சுத்துணைக்கு ஆள் உண்டு, நண்டும் உயிரோடு கிடைக்கும்.