சத்தம் இறங்கும் வால்வு ஆம்ப்: வால்வை மாற்றும் முன் ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 15 வாட் கிட்டார் ஆம்ப். உள்ளே சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள், அதாவது வால்வுகள்: பவருக்கு இரண்டு இஎல்84, அதற்கு முந்தைய கட்டங்களுக்கு மூன்று 12ஏஎக்ஸ்7. ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், பின்பக்கம் எஃபெக்ட் பெடல்களை நடுவில் இணைக்க சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் கொண்ட எஃபெக்ட்ஸ் லூப். பழையதாக வாங்கியது, ஆனால் அதன் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். மூன்று மாதம் முன்பு அதற்கு ஒரு வியாதி வந்தது. ஆன் செய்ததும் நன்றாக இருக்கும், இருபது நிமிடம் கழித்து யாரோ மேலே கம்பளியைப் போர்த்தியதுபோல் சத்தம் சட்டென்று அடங்கிவிடும், ஓங்கி ஒரு ஸ்ட்ரம் அடித்தால் சில சமயம் ‘படக்’ என்று திரும்பி வரும், அப்புறம் மறுபடியும் போய்விடும்.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: வால்வு போயிருக்கும். நானும் நம்பி ஒரு ஜோடி இஎல்84 வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் அருமையாக ஓடியது. எட்டாம் நாள் பழைய கதை திரும்பியது. அந்த ஒரு வார நிம்மதிதான் என்னை ரொம்ப நாள் குழப்பியது. வால்வு மாற்றும்போது ஆம்பைத் திருப்பியிருக்கிறேன், பின்னால் இருந்த கேபிளை எல்லாம் உருவி மறுபடி செருகியிருக்கிறேன். குணமானது அதனால்தான் என்று பின்னால்தான் புரிந்தது.

வால்வு ரேடியோ காலத்திலிருந்து சாலிடரிங் அயர்ன் பிடித்த ஒரு மெக்கானிக் பெரியவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். அவரிடம் போய் நின்றபோது அவர் ஆம்பைத் திறக்கவே இல்லை. “எவ்வளவு இறங்குது தம்பி? கொஞ்சமா, இல்ல முனகலா போயிடுதா? மெதுவா இறங்குதா, சட்டுன்னா?” என்று மட்டும் கேட்டார். “சட்டுன்னு போயிடுது ஐயா, முனகல்தான்” என்றேன். “அப்ப பவர் வால்வை விடு, சிக்னல் போற வழியப் பாரு” என்றார்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆம்பின் பவர் பாதியாகக் குறைந்தால் சத்தம் பாதியாகாது, 3 டெசிபெல்தான் குறையும், அது காதுக்குச் சின்ன மாற்றம். கேட்கும் சத்தம் பாதியானதுபோல் தோன்ற வேண்டுமென்றால் பவர் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காக வேண்டும். ஜோடியில் ஒரு பவர் வால்வு படுத்துவிட்டால் ஒலி கரகரக்கும், ஹம் (‘உம்ம்’ என்ற இரைச்சல்) கூடும், பலம் குறையும், ஆனால் பெரும்பாலும் முனகலாகாது. முனகலாகிறது என்றால் சிக்னல் வழியில் எங்கேயோ கதவு பாதி சாத்திக்கிடக்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம்.

அந்தக் கதவு என் ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப்பின் ரிட்டர்ன் ஜாக். லூப்பில் நீங்கள் எதையும் செருகாவிட்டாலும் சிக்னல் அந்த ஜாக் வழியாகத்தான் போகிறது. ஜாக்குக்குள் ஒரு மெல்லிய உலோக இதழ் இருக்கும். பிளக் இல்லாதபோது அது இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டு, ப்ரீஆம்பிலிருந்து (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) வருவதை, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதிக்குக் கடத்தும். பிளக் உள்ளே போனால் விலகிக்கொள்ளும். லூப்பையே பயன்படுத்தாதவர்களுக்கு அந்த இடம் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்து கறுத்துவிடுகிறது. சென்னையில் கடல்காற்றும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சூடேறி உலோகம் கொஞ்சம் விரிந்ததும் தொடர்பு விட்டுப்போகும், பலமான சிக்னலோ அதிர்வோ வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். என் ஆம்ப் செய்தது அச்சு அசல் இதுதான்.

சோதிப்பது ஒரு நிமிட வேலை. சத்தம் இறங்கியிருக்கும் நேரத்தில் ஒரு சின்ன பேட்ச் கேபிளை எடுத்து, சென்டிலிருந்து ரிட்டர்னுக்குச் செருகுங்கள். சிக்னல் இப்போது இதழை நம்பாமல் கேபிள் வழியாகப் போகும். சத்தம் முழுதாகத் திரும்பி, அப்படியே நின்றால் குற்றவாளி அங்கேதான். (முழு சிக்னலும் லூப் வழியாகவே போகும் சீரியல் லூப்புக்கு இது பொருந்தும், ஒரு பகுதி லூப்பைத் தொடாமல் நேரே போகும் பேரலல் லூப் உள்ள ஆம்பில் இப்படி முடிவு கட்ட முடியாது.) திரும்பவில்லை என்றால், போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு அதை ரிட்டர்னில் கொடுத்துப் பாருங்கள். அது பலமாகக் கேட்டால் பவர் பகுதி சரி, கோளாறு ப்ரீஆம்பில். கிட்டாரை நேரே ரிட்டர்னில் செருகிவிட்டு சத்தம் போதவில்லை என்று பயப்பட வேண்டாம், அந்த இடம் கிட்டாரைவிடப் பெரிய சிக்னலை எதிர்பார்க்கிறது.

எனக்குக் கேபிள் செருகிய கணமே ஆம்ப் கத்தியது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை இருபது தடவை உள்ளே வெளியே இழுத்ததில் சரியானது. இரண்டு வாரம் தாங்கியது. இதழின் இழுவிசையே போயிருந்ததால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடி, ஸ்விட்ச் உள்ள ஜாக் ஒன்று வாங்கி மாற்றினேன். வாங்கும்போது ‘ஸ்விட்ச் உள்ளது’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சாதாரண ஜாக்கைப் போட்டால் லூப்பில் எதுவும் செருகாதபோது சிக்னலுக்கு வழியே இருக்காது.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் முனகல் போன பிறகுதான் அதுவரை மறைந்திருந்த இன்னொன்று காதில் பட்டது. ஒரு மணி நேரம் வாசித்தால் சத்தம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஓரத்தில் ஒரு கரகரப்பு. பெரியவர் சொன்னபடி பார்த்தால் இது வேறு வியாதி, இப்போதுதான் பவர் பகுதியின் முறை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இதற்கு மேல் ஆம்பைத் திறந்தாக வேண்டும், உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஓடும்போது அளந்தால் மீட்டரின் கறுப்பு வயரைச் சேசிஸில் (ஆம்பின் உலோகச் சட்டம்) கிளிப் போட்டுவிட்டு, ஒரு கை மட்டும் உள்ளே. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் அளந்தேன். இரண்டு இஎல்84க்கும் பொதுவான கத்தோடு ரெசிஸ்டரில் தொடக்கத்தில் 11 வோல்ட், நன்றாகச் சூடான பிறகு 7. இரண்டு வால்வும் இழுக்கும் கரண்ட் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் போகிறது, அதனால் வோல்ட் இவ்வளவு இறங்கினால் ஒரு வால்வு கரண்ட் இழுக்கவில்லை என்று அர்த்தம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டோம், தளர்ந்தது அதே சாக்கெட்தான். பிறகு காய்ந்த மூங்கில் குச்சியால் சாக்கெட்டின் ஓரத்தை லேசாகத் தட்டினார், 11 திரும்பி வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 9ஆம் பின்னைச் சுற்றி சாலிடரில் முடி அளவு வட்ட விரிசல். அது ஸ்கிரீன் கிரிட்டின் (வால்வுக்குள் கரண்ட் ஓட உதவும் கம்பி வலை) பின், அங்கே தொடர்பு விட்டால் வால்வு ஏறக்குறைய வேலை நிறுத்தம்தான். சாக்கெட்டை நேராகப் போர்டில் சாலிடர் செய்த ஆம்புகளில், சூடும் குளிரும் மாறி மாறி வந்து இப்படி ஆவது சகஜம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு சாக்கெட்டிலும் எல்லா பின்களையும் புதிதாகச் சாலிடர் செய்தோம்.

பழைய இஎல்84 ஜோடியையே திரும்பப் போட்டுத்தான் இப்போது வாசிக்கிறேன். மூன்று மணி நேரம் விடாமல் வாசித்தும் 11 வோல்ட் அசையவில்லை. புது ஜோடி டப்பாவில் இருக்கிறது.