வைகையைக் கணினியில் ஓடவிட்டபோது

சோழவந்தானுக்குக் கீழே, வைகையின் தென்கரையில் இருக்கும் ஓர் ஊராட்சிக்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிக்கும் வேலை வந்தது. எங்கே வீட்டுமனை போடலாம், எங்கே போடவே கூடாது என்று சொல்ல வேண்டும். ஆற்றில் தண்ணீர் கூடினாலும் கண்மாய் (ஏரி) நிரம்பி மறுகாலாக வழிந்து போனாலும் எந்தெந்த நிலம் முழுகும் என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. வரைபடம் வரைய க்யூஜிஐஎஸ், வெள்ளத்தைக் கணக்கிட ஹெக்-ராஸ் என்று இரண்டு மென்பொருள்கள். இரண்டும் இலவசம். மூன்று வாரத்தில் முடியும் என்று நினைத்தது நான்கு மாதம் இழுத்தது. எங்கெங்கே மாட்டினேன் என்று எழுதி வைக்கிறேன்; வைகை, குண்டாறு பக்கம் இதே வேலையைத் தொடங்குபவர்களுக்குச் சில நாட்களாவது மிச்சமாகும்.

முதல் சிக்கல் 78 டிகிரி தீர்க்கரேகை. இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் யூடிஎம் முறையில் உலகத்தை ஆறு ஆறு டிகிரி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 78-க்கு மேற்கே 43-ஆவது மண்டலம், கிழக்கே 44. அந்தக் கோடு சோழவந்தானுக்கும் மதுரைக்கும் நடுவில் வைகையை வெட்டிக்கொண்டு போகிறது. எனக்குக் கிடைத்த வாய்க்கால் கோப்பு 43-இல் வரையப்பட்டது. ஆனால் அது எந்த மண்டலம் என்று சொல்லும், கூட வர வேண்டிய பிஆர்ஜே கோப்பைக் காணோம். மென்பொருள் கேட்டபோது 44 என்று கொடுத்துவிட்டேன். வாய்க்கால்கள் எல்லாம் வங்கக்கடலில், இலங்கைக்கும் கிழக்கே போய் நின்றன. பதறிப்போய் அதை 43-க்கு மாற்றிப் பார்த்தேன். அப்போதும் கடலிலேயே இருந்தன. கோப்பு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று சொல்வது ஒரு வேலை, அதை இன்னொரு மண்டலத்துக்கு மாற்றுவது வேறு வேலை. முதலாவது தப்பாக இருந்தால் இரண்டாவது அந்தத் தப்பை அப்படியே சுமந்துகொண்டு போகும். இப்போதெல்லாம் கோப்பைத் திறந்தவுடன் கிழக்கு ஆயத்தொலைவை, அதாவது கிழக்கு-மேற்கு இடத்தை மீட்டரில் சொல்லும் எண்ணை, பார்க்கிறேன். இந்தப் பகுதியில் அது 8,29,000-ஐ ஒட்டி இருந்தால் 43. 1,71,000-ஐ ஒட்டி இருந்தால் 44. எல்லாவற்றையும் 44-க்குக் கொண்டுவந்து சேர்த்தேன். எல்லையைச் சில கிலோமீட்டர் தாண்டினாலும் பெரிய பாதகம் இல்லை.

தமிழில் பெயர் வைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் ஒரு களத்தின் (அட்டவணைப் பத்தியின்) பெயர் பத்து பைட்டுக்கு மேல் போகாது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வேண்டும். ‘கண்மாய்’ என்று பெயர் வைத்தால் ‘கண்’ வரைதான் இடம். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்துக்கு மாறியதும் இது தீர்ந்தது. ஹெக்-ராஸ் கோப்புறைகளுக்கு மட்டும் இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயரே வைக்கிறேன்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவை எடுத்தேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளந்தது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர். பயிற்சிப் பாடங்கள் எல்லாமே முதல் படியாகப் பள்ளங்களை நிரப்பச் சொல்கின்றன. தண்ணீர் வெளியேற வழியில்லாத குழி என்றால் அது தரவில் உள்ள பிழை, நிரப்பிவிட்டு ஓட்டத் திசையைக் கணக்கிடு என்பது அவர்கள் வாதம். நானும் அப்படியே செய்தேன்.

நிரப்பி முடித்ததும் கண்மாய்கள் மறைந்துபோயின. இருந்த இடமெல்லாம் மேசை போலச் சமதளம். அதன் மேல் ஓடைகள் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. எந்த ஆறும் அப்படி ஓடாது. மலைச்சரிவுக்கு எழுதிய விதி அது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் பள்ளமே மனிதர்கள் வேண்டுமென்று உண்டாக்கியதுதான். ஒரு கண்மாய் நிரம்பி, கலுங்கு என்னும் வழிந்தோடும் இடம் வழியே அடுத்ததற்கு, அது நிரம்பி அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகத் தண்ணீர் போகிறது. வைகையே கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேர்கிறது. கண்மாயைப் பிழை என்று அழித்துவிட்டு இங்கே என்ன நிலத் திட்டம் போட முடியும்?

நிரப்பாத தரவுக்குத் திரும்பினேன். அதிலும் கரை இல்லை. மேலே மூன்று நான்கு மீட்டர் அகலமுள்ள கரை 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துபோகிறது. கண்மாயின் ஆழமும் நம்பும்படி இல்லை; பிப்ரவரியில் உள்ளே தண்ணீர் நின்றிருந்தால் ரேடார் அளந்தது அதன் மேற்பரப்பைத்தான். ஆற்றங்கரைத் தென்னந்தோப்புகள் மட்டும் திட்டுத்திட்டாக உயர்ந்து நின்றன. மட்டைகளில் பட்டுத் திரும்பிய உயரத்தை நிலமாக எடுத்துக்கொண்டால் வெள்ளம் தோப்புக்குள் ஏறவே ஏறாது. கோப்பர்நிகஸ் என்ற இன்னொரு உயரத் தரவு இதைவிட நேர்த்தியாக இருந்தது, ஆனால் தோப்பு அதிலும் மேடுதான்.

சரி, கணினியை மூடிவிட்டுப் போய்ப் பார்ப்போம் என்று ஊருக்குப் போனேன். அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில், இருந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர், கூடவே நடந்து வந்தார். நான் அச்சடித்துக் கொண்டுபோன வெள்ள வரைபடத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, தண்ணி இங்கிட்டுப் போகாதுய்யா. கலுங்கு அந்தா, வடகிழக்கு மூலையில இருக்கு. மறுகா பாஞ்சா அந்தப் பனை வரிசைய ஒட்டிப் போயி அடுத்த கம்மாயில விழும்.”

“எவ்வளவு உயரத்துக்கு வரும், ஐயா?”

அவர் தன் முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். பனை வரிசைக்கு இந்தப் பக்கம் இருந்த நிலம் என் வரைபடத்தில் பச்சை, அதாவது வீடு கட்டத் தோதான இடம். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

உயரம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியும் ஸ்டாஃப் என்ற அளவுக்கோலும் வாடகைக்கு எடுத்து மூன்று நாள் அளந்தோம். கரையின் மேல்மட்டம், கலுங்கின் மட்டம், மடைகளின் அடிமட்டம், மறுகால் ஓடையின் குறுக்குவெட்டு ஆறு இடத்தில். பழைய கிராம வரைபடத்தை க்யூஜிஐஎஸ்ஸில் பொருத்த, மூன்று ஊர் எல்லை சேரும் இடத்துக் கற்களைத் தேடிப் பிடித்தோம். சாலை முக்கைவிட அவை நம்பகமானவை. சாலை நகர்ந்திருக்கும், கல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பொருத்தியதும் அந்தப் பனை வரிசையோரம் ஓடைப் புறம்போக்கு என்று ஒரு மெல்லிய பட்டை தெரிந்தது. பெரியவர் சொன்ன வழியேதான்.

ஹெக்-ராஸின் ஆறாம் பதிப்பில் நில உயரத்தின் மேல் நம் அளவுகளைக் கோடாக ஏற்றலாம். கரையை மேடாக ஏற்றினேன், ஓடையைப் பள்ளமாக வெட்டினேன். அப்படியும் தண்ணீர் கரையை ஊடுருவி வந்தது. இதில் இரண்டு நாள் போயிற்று. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் இருபரிமாணக் கணக்கில் தண்ணீர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் பொதுவான விளிம்பு வழியேதான் போகும். கரை கட்டத்தின் நடுவில் விழுந்தால் மென்பொருளுக்கு அப்படி ஒரு தடை இருப்பதே தெரியாது. கரை நெடுகிலும் பிரேக்லைன் என்ற வழிகாட்டிக் கோடு போட்டு, கட்டங்களின் விளிம்பைக் கரை உச்சியோடு ஒட்டவைத்ததும் கசிவு நின்றது. கண்மாய் வேலையில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, அலகு. ஹெக்-ராஸ் புதுத் திட்டத்தைத் திறக்கும்போது அடிக் கணக்கில் தொடங்கும். நான் மீட்டருக்கு மாற்றியிருந்தேன். ஆனால் நம் ஊரில் அணைத் திறப்பைக் கனஅடியில்தான் சொல்கிறார்கள். சோதனைக்காக விநாடிக்கு 3,000 கனஅடி என்று நினைத்து 3,000 எனத் தட்டினேன். அது கனமீட்டர். ஒரு கனமீட்டர் 35.3 கனஅடி, ஆக ஒரு லட்சத்துக்கும் மேலே போய்விட்டது. ஊரே முழுகியது. 85 என்று திருத்தியதும் ஆறு தன் கரைக்குள் வந்தது. ஆற்றுப் படுகை தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் மேனிங் எண்ணை முதலில் மணல் படுகை என்று 0.03 வைத்திருந்தேன். சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் இடங்களில் 0.1 ஆக்கியதும் அங்கே நீர்மட்டம் ஏறியது.

கடைசி ஓட்டத்தில் மறுகால் தண்ணீர் பனை வரிசையை ஒட்டிப் போய் அடுத்த கண்மாயில் விழுந்தது. ஆழம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெரியவருக்குப் போனில் காட்டினேன். “இப்பத்தான் சரியா இருக்கு” என்றார்.

அந்தப் பச்சை நிலம் இப்போது வரைபடத்தில் நீலப் பட்டையோடு, கட்டடம் கூடாது என்று குறிக்கப்பட்டு ஊராட்சிக்குப் போயிருக்கிறது. கீழே உள்ள இரண்டு கண்மாய்களின் கலுங்குகளை இன்னும் அளக்கவில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் லெவலை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும்.