192.168.1.10-இல் இருந்தது யார்?

தம்பி வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தேன். லீவு இல்லை, லேப்டாப்பும் கூடவே வந்தது. எங்கள் அலுவலகம் சின்னது, 15 பேர். ஃபைல், பில்லிங், பேக்கப் என்று எல்லாமே மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் ஒரே சர்வரில்தான் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை, தொலைவிலிருந்தே அலுவலக நெட்வொர்க்குக்குள் போக வழி தரும் விபிஎன் போட்டேன். பச்சை விளக்கு வந்தது. சர்வரின் முகவரி 192.168.1.10, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பழக்கதோஷத்தில் முதலில் ஒரு பிங் அடித்தேன்: 'இருக்கிறாயா' என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. 2 மில்லிசெகண்டில் பதில் வந்தது. 'பரவாயில்லையே, தம்பி வீட்டு இன்டர்நெட் பறக்கிறதே' என்று நினைத்துக்கொண்டேன். இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் ஷேர் ஃபோல்டரைத் திறந்தேன். பாஸ்வேர்டு தப்பு என்றது. கேப்ஸ் லாக் பார்த்தேன், மறுபடி அடித்தேன், இன்னொரு தடவை எழுத்து எழுத்தாக அடித்தேன். மூன்றும் தப்பு. சரி, தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச்சில் போய்ப் பார்ப்போம் என்று டெர்மினலைத் திறந்தால், திரை நிறைய '@' குறிகளுக்கு நடுவே பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை: எதிரே இருக்கும் கணினியின் அடையாளம் மாறியிருக்கிறது, நடுவில் யாரோ ஒட்டுக்கேட்கவும் கூடும்.

இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: எதிரே இருக்கும் கணினியின் அடையாளமாகச் சேமித்து வைத்திருக்கும் பழைய சாவி வரியை அழித்துவிட்டு, 'எஸ்' அடித்து உள்ளே போய்விடுவது. நானும் அந்த ரகம்தான். போன வருடம் சர்வரில் ஹார்டு டிஸ்க் மாற்றி எல்லாவற்றையும் புதிதாக நிறுவியபோது அப்படித்தான் செய்தேன். அது நியாயம், மாற்றியவன் நான்தான். இந்த முறை யாரும் எதையும் தொடவில்லையே. அழிக்கப்போன கை நின்றது. அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"சர்வர்ல ஏதாவது கை வச்சீங்களா?"

"அந்த அலமாரிப் பக்கமே போகல சார். இங்க எல்லாருக்கும் நல்லா ஓடுதே."

அப்போதுதான் அந்த 2 மில்லிசெகண்ட் உறைத்தது. அலுவலகம் இருப்பது 600 கிலோமீட்டருக்கு அப்பால். கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடுவது நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். நேர்கோட்டில் கேபிள் போட்டு, நடுவில் ஒரு ரவுட்டர்கூட இல்லாமல் இருந்தாலும், போய்வர 6 மில்லிசெகண்டாவது ஆகும். 2-இல் பதில் சொன்னவர் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

இருந்தார். டிவிக்குப் பின்னால், தம்பி போட்டோவெல்லாம் போட்டு வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டி. அதன் முகவரியும் 192.168.1.10. மூன்று தடவை அலுவலகப் பாஸ்வேர்டை அடித்தது இதனிடம்தான்.

இது அபூர்வமான தற்செயல் எல்லாம் இல்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளேயே பயன்படுத்திக்கொள்ள என்று மூன்று முகவரித் தொகுதிகளை 1990-களில் ஒதுக்கிவைத்தார்கள். அதில் 10-இல் தொடங்கும் தொகுதியில் மட்டும் 1,67,77,216 எண்கள். அவ்வளவு இருந்தும் பல ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 192.168.0 அல்லது 192.168.1 என்றுதான் வருகின்றன, நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே எண் வரிசை என்றால் லேப்டாப் என்ன செய்யும்? பக்கத்தில் வைஃபையில் இருப்பவரிடமே போய்க் கதவைத் தட்டும். விபிஎன் பாட்டுக்குப் பச்சையாக நிற்கும், அதன் வழியே ஒன்றும் போகாது.

அன்றைக்குச் செய்த வைத்தியம் சின்னது. '192.168.1.10 என்ற ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் விபிஎன் வழியாகப் போ' என்று லேப்டாப்பில் ஒரு ரூட் சேர்த்தேன். பொதுவாகச் சொன்ன வழியைவிடக் குறிப்பாகச் சொன்ன வழிக்குத்தான் முன்னுரிமை. மறுபடி பிங்: 38 மில்லிசெகண்ட். தாமதமாக வந்த பதிலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எஸ்எஸ்எச்சும் முணுமுணுக்காமல் உள்ளே விட்டது.

எஸ்எஸ்எச் பிறந்ததே இப்படி ஒரு பயத்தில்தான். 1995-இல் பின்லாந்தில், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்துவிட்டு டாட்டு யூலோனன் எழுதியது அது. எதிரே இருப்பது யார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்தக் குணத்தை இத்தனை வருடமாகத் தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊர் திரும்பிய சனிக்கிழமை அலுவலக நெட்வொர்க்கையே 10.83.27 என்று மாற்றிவிட்டேன். யாரும் எளிதில் வைத்திருக்க முடியாத எண்ணாகப் பார்த்து எடுத்தது. கணினிகள் எல்லாம் தாமாகப் புது முகவரி வாங்கிக்கொண்டன. கையால் எண் போட்டு வைத்திருந்த பிரின்டரை மறந்துவிட்டேன். திங்கட்கிழமை அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

தம்பி விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை ராத்திரி, சர்வரில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தபோது வைஃபை பட்டென்று போனது. இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை நிறுத்தாமல் ஓடவைக்கும் டிமக்ஸுக்குள் ஓடவிட்டிருந்ததால் பேக்கப் பாட்டுக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் உள்ளே போக வழியில்லை. எழுந்து ஹாலுக்குப் போனால், தம்பி மொபைலும் கையுமாக ரவுட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, நம்ம பெட்டிக்குள்ள யாரோ நுழையப் பாத்திருக்காங்க. காலைல மூணு தடவை. இப்பத்தான் மெயில் பாத்தேன். வைஃபை பாஸ்வேர்டு, அந்தப் பாஸ்வேர்டு, எல்லாத்தையும் மாத்திட்டேன்."