கரை எந்தப் பக்கம்?

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் முப்பத்தொன்பது ஆண்டுகள் தோட்டக்காரராக இருந்தவர். அவர் வேலைக்குச் சேரும் முன்பே துரைமார் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனாலும் புல்வெளியின் ஓரம் எப்படி வளைய வேண்டும், எந்தச் செடிக்குப் பின்னால் எந்த மரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் துரை காலத்து ஒழுங்கு என்று சொல்லி, கடைசி வரை அதைக் கலைக்காமல் காத்துவந்தார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்த காலந்தொட்டு, இங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் எந்த மாதிரித் தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் போட்டார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. பிரிஸ்டலில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குச் சென்ற மே மாதம் போயிருந்தபோது அது நிறைவேறியது.

நாங்கள் போன இடம் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஸ்டவர்ஹெட் என்ற மாளிகையும் தோட்டமும். லண்டனில் வங்கி நடத்திய ஹோர் குடும்பத்தார் 1717இல் இந்த நிலத்தை வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டு, காலன் கேம்பெல் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி புதிய மாளிகை எழுப்பினார்கள். அந்த வங்கி 1720இல் சவுத் சீ கம்பெனியின் பங்குகளில் பெரும் லாபம் பார்த்தது என்பதையும், அந்தக் கம்பெனி ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றது என்பதையும் அறிந்துகொண்டுதான் அந்த அழகைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாளிகையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. 1902இல் தீப்பிடித்து நடுப்பகுதி முழுவதும் எரிந்து, பின்னர் திரும்பக் கட்டப்பட்டது. நூலகமும் ஓவியக் கூடமும் தப்பின. மனத்தில் நின்றது அதன் கடைசி உரிமையாளர்களின் கதை. சர் ஹென்றி ஹோருக்கும் அவர் மனைவிக்கும் இருந்த ஒரே மகன், முதல் உலகப் போரில் பாலஸ்தீனப் போர்முனையில் காயம்பட்டு, 1917 டிசம்பரில் அலெக்சாண்டிரியாவில் இறந்துபோனார். வாரிசு இல்லாத வீட்டை 1946இல், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் ஒப்படைத்த அந்தத் தம்பதியர், மறு ஆண்டு மார்ச்சில் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் காலமானார்கள். அந்த மகனின் படத்துக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

தோட்டம் வீட்டிலிருந்து தள்ளி, கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஏரியைச் சுற்றிச் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடை. ஏரி இயற்கையானது என்று நம்பித்தான் நடக்கத் தொடங்கினேன். ஸ்டவர் நதியின் ஊற்றுகள் பிறக்கும் இடத்தில், 1750களில் இரண்டாம் ஹென்றி ஹோர் அணை கட்டித் தேக்கிய நீர் அது என்று மகன்தான் சொன்னான். நீருக்கு அப்பால் ஃப்ளோரா, அப்போலோ ஆகியோருக்கான கோயில்களும், ரோம் நகரத்துப் பாந்தியன் என்ற பழங்கோயிலின் சிறிய வடிவமும் தெரிகின்றன. ஒன்றைப் பார்த்து நடந்தால் பாதை வளைந்து அதை மறைத்துவிடும். மறந்திருக்கும் நேரத்தில் மரங்களுக்கிடையே மறுபடி அருகில் வந்து நிற்கும். கரையெங்கும் பூத்துக் கிடந்த ரோடோடென்ட்ரான்கள் முதல் திட்டத்தில் இல்லாதவை, பின்னால் வந்த தலைமுறைகள் நட்டவை. மே மாதத்தில் அந்த இளஞ்சிவப்பு கண்ணைப் பறிக்கிறது என்றாலும், வெறும் பச்சையின் பல நிறங்களை மட்டும் வைத்து தோட்டத்தை முதலில் போட்ட அந்த ஹென்றி ஹோர் வரைந்த காட்சியே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

என்னை உலுக்கிய இடம் குகை. குனிந்து நுழைந்ததும் வெளிச்சம் மங்கிக் குளிர் ஏறியது. ஈயத்தில் வார்த்து வெள்ளை பூசிய பெண்ணுருவம் ஒன்று தலையைக் கையில் சாய்த்துத் தூங்க, அவளுக்கடியிலிருந்து ஊற்று நீர் வழிந்து தொட்டியில் விழுகிறது. எதிரே சுவரில் வெட்டிய ஒழுங்கற்ற திறப்பு வழியே, இருளுக்கு நடுவில், ஏரி மட்டும் ஒளிர்கிறது. இன்னும் சற்று உள்ளே நதி தெய்வம் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உடனே நம் சேர்வராயன் கோயில்தான் நினைவுக்கு வந்தது. அங்கும் மலையுச்சிக் குகையில், ஈரம் கசியும் பாறைக்குள், சேர்வராயனோடு காவேரியம்மன் இருக்கிறாள். நதி பிறக்கும் இடத்தைக் குகைக்குள் வைத்துக் கும்பிட வேண்டும் என்று மனிதருக்கு எல்லா ஊரிலும் தோன்றியிருக்கிறது போலும். காலணியோடு அதற்குள் நிற்கக் கூச்சமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் ஏற்காட்டுக்குப் போய் அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். எண்பத்தாறு வயதாகிறது; கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாளிகையை ஒரு பார்வையோடு தள்ளிவிட்டார். ஏரி வந்ததும் நிறுத்தினார்.

"கட்டின ஏரின்னு சொன்னியே கண்ணு, கரை எந்தப் பக்கம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுற்றிலும் மரம்தான் பார்த்தேன், கரை எதையும் பார்க்கவில்லையப்பா என்றேன். அவர் விடவில்லை. மேடு எங்கே, பள்ளம் எங்கே, மிச்சத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டே படங்களை முன்னும் பின்னும் தள்ளினார். ஒரு படத்தில் நான் பாதையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடப்புறம் பாதையை ஒட்டினாற்போல் ஏரித் தண்ணீர். வலப்புறம் மரங்களின் அடிப்பகுதி தெரியவில்லை, நடுமரமும் தழையும்தான் தெரிந்தன. அப்பா அதன் மேல் விரலை வைத்தார்.

"இந்தா, இதுதான். இது மேலயேதான் நீ நிக்கிற. அந்தண்டை மரத்துக்கெல்லாம் வேர் எவ்வளவு கீழ கிடக்குது பார்."

பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கரையின் மேல் புல் எவ்வளவு உயரத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்.